அல் ஐன் வீட்டில் கொட்டிய விபூதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள் ஒரே இழுபறி. பேனாவை எடுப்பேன், சாமி விஷயமாயிற்றே என்று கீழே வைத்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பி, இப்போது காலையில் முருகனுக்கு விளக்கேற்றுவதும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவதுமாக இருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் என் வீட்டுக்காரி, "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. சாமி கும்பிடுற மனுஷனுக்கு இது எதுக்கு?" என்பாள். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிடுவேன்.

இப்போது விட முடியவில்லை. எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் ஷார்ஜாவில் இதே வேலை பார்க்கிறார்கள். லீவில் வந்தவர்கள் என்னைப் பார்க்க வந்து, "மாமா, உங்க காலம் மாதிரி இல்ல. இப்பல்லாம் ஃபில்டரைக் கழுவணும்னே அவசியம் இல்ல, போட்டோ கரெக்டா இருந்தா போதும்" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமே எங்கள் கோவில் பிரதோஷக் குழுவில், போனில், ஒரு செய்தி வந்தது. எங்கோ கிளம்பி யார் யாரோ அனுப்பி எனக்கே வந்து சேர்ந்த அந்தச் செய்தியில் இருந்தது என் கதை. முடிவை மட்டும் மாற்றிவிட்டிருந்தார்கள். எப்படி மாற்றினார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நடந்தது என்ன என்று கேளுங்கள்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். சென்னையில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடி வாங்கி, கற்றுக்கொண்டேன். பிறகு மஸ்கட்டில் ரூவி, அப்புறம் புஜைரா, அதற்கப்புறம் அல் ஐன். ரூவியில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை இருந்தது. ஃபில்டரைக் கழட்டுகிறவன் அதை உதறக் கூடாது. உதறினால் அந்த வீட்டுத் தூசி அந்த வீட்டுக்குள்ளேயே போகும். அப்படியே பாலித்தீன் பைக்குள் இறக்கி வெளியே கொண்டுபோக வேண்டும். தூசி படிந்த பக்கத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, அடித்தால் அழுக்கு வலைக்குள்ளேயே இறுகிவிடும். சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாக விட்டால் வந்த வழியே அழுக்கு போய்விடும். பிறகு நிழலில் காயவேண்டும். அவசரத்துக்கு ஈரத்தோடு மாட்டினால் நாலாம் நாள் வீடு முழுக்க ஈரத் துணி நாற்றம் அடிக்கும். மாட்டியபின் ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் நுழைந்தால் தூசியும் நுழையும். இவ்வளவுதான் வித்தை. மாவு சலிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலை. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இதைக்கூடச் செய்யாமல் தப்பிப்பதற்கு எத்தனை மூளையைச் செலவழிக்கிறார்கள் என்பதைத்தான் நான் அல் ஐனில் பார்த்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் சுரேந்தர். தமிழ்நாட்டுக்காரர்தான். வேனை விட்டு இறங்கவே மாட்டார். அவர் இறங்கினால் சட்டை கசங்கிவிடும். வேன் ஏசியை முழுசாகத் திருப்பி முகத்துக்கு வைத்துக்கொண்டு, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, கண்ணாடியை நாலு விரல் மட்டும் இறக்கிப் பேசுவார். மேலே நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருப்போம், கீழிருந்து போன் வரும். "வேலாயுதம், என்னாச்சு? யல்லா யல்லா, சீக்கிரம். அடுத்த வீடு வெயிட்டிங்." நெற்றியில் எப்போதும் விபூதிப் பட்டை பளிச்சென்று இருக்கும். வேனில் பிள்ளையார் இருப்பார், எலுமிச்சம்பழம் தொங்கும். பக்தியில் குறை சொல்ல முடியாது. வேலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

கம்பெனியில் புதிதாக ஒரு செயலி கொண்டுவந்தார்கள். ஃபில்டரைக் கழட்டுமுன் ஒரு படம், மாட்டியபின் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். இரண்டாவது படத்தில் ஃபில்டர் வெள்ளையாக இருந்தால் பச்சை டிக் விழும். பச்சை டிக் விழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமாம். கழுவினால் காய நேரமாகும், மாற்றினால் புது ஃபில்டர் வேண்டும், ஸ்டோரில் கேட்டால் மாஃபி, இல்லை என்பார்கள். சுரேந்தர் சார் யோசித்தார். எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த கட்டடங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மெஷின், ஒரே அளவு ஃபில்டர். ஆகையால் ஒரே ஒரு புது ஃபில்டரை வேனில் வைத்துக்கொண்டார். கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி கவருக்குள் இருக்கும். வீட்டுக்குள் கொண்டுபோய், மாட்டி, படம் எடுத்து, கழட்டி, மறுபடி கவருக்குள் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு 'போட்டோ ஃபில்டர்' என்றே பெயர். ஊரெல்லாம் சுற்றியும் ஒரு துளி தூசி படாத ஃபில்டர் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

என்னிடம் அந்தக் கவரை நீட்டியபோது வாங்க மாட்டேன் என்றேன். "சார், கழுவியே மாட்டுறேன். லேட்டானா ஆகட்டும்."

"நீ ஒருத்தன் யோக்கியன், மத்தவங்க எல்லாம் திருடனா?" என்றார்.

"நான் அப்படிச் சொல்லலியே சார்."

"சொல்லாத. உன் மூஞ்சி சொல்லுது."

அன்றிலிருந்து பழைய கட்டடங்களும் புகார் வரும் வீடுகளும் எனக்கு. வருஷ ஒப்பந்த வீடுகள், அதாவது பச்சை டிக் வீடுகள், வேறு ஆட்களுக்கு. எனக்கு அது வசதியாகவே இருந்தது. சாருக்குத் தனி வேன்; என்னையும் பச்சை டிக் ஆட்களையும் ஏற்றி இறக்கும் வேனை ஓட்டியவர் இம்ரான் பாய், பெஷாவர்க்காரர், போட்டோ ஃபில்டரும் அவர் வேனில்தான் கிடக்கும். நல்ல மனுஷர், வாய்தான் அடங்காது.

அப்படித்தான் ஒரு நாள் ஒரு புகார் வந்தது. கூலிங் பத்தவில்லை, மூன்றாவது மாடி, தமிழ்க் குடும்பம். கணவர் கண்ணன் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர். மனைவி பத்மா இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். லிஃப்ட் கதவு திறந்ததும் எதிர் வீட்டில் ஜிப்சம் சீலிங் வேலை நடந்துகொண்டிருந்தது. கதவை அகலத் திறந்துபோட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புருவமெல்லாம் வெள்ளையாக, கிழவர்கள் மாதிரி இருந்தார்கள், எல்லாம் வாலிபப் பையன்கள். வராண்டாத் தரை முழுக்கக் கோலப்பொடி கொட்டியது போல் இருந்தது.

பத்மா டீச்சர் கதவைத் திறந்தார். நெஞ்சில் விசில் அடிப்பது போன்ற சத்தம் எனக்கு வாசலிலேயே கேட்டது. நாலு வார்த்தை பேசுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"இளைப்புண்ணா. சின்ன வயசுல இருந்தே உண்டு. இப்ப ஒரு மாசமா ஜாஸ்தி. ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கேன்." பிறகு என் நெற்றியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீங்க முருக பக்தரா? முதல்ல சாமியைப் பாருங்க. அப்புறம் ஏசியைப் பாக்கலாம்."

ஹாலில் ஒரு மார்பிள் பலகைமேல் வள்ளி தெய்வானையோடு முருகன் படம். அதன் கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி படர்ந்திருந்தது. பாதத்தில் இன்னும் கெட்டியாக, அள்ளி எடுக்கும்படி. "தானா கொட்டுதுண்ணா. ஒரு மாசமா. வெள்ளிக்கிழமை பூஜை அன்னைக்கு இன்னும் அதிகமா கொட்டும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்ல மாட்டேன். கையில் இருந்த டூல் பையை அங்கேயே போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தார். நெற்றியில் பூசினேன், நாக்கிலும் போட்டுக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன். படத்தின் காலடியில், வேலுக்குப் பக்கத்தில், நீல நிறத்தில் இளைப்புக்காரர்கள் உறிஞ்சும் இன்ஹேலர்.

"இது இங்க ஏன்மா?"

"சாமி கிட்ட ஒப்படைச்சுட்டேன். எங்க பஜனைக் குழு தணிகாசலம் ஐயா சொன்னார். மருந்தையும் நம்பி சாமியையும் நம்பறது பாதி நம்பிக்கையாம். ஒரு மண்டலத்துக்கு விபூதி மட்டும் எடுத்துக்கறேன். காலையில வெறும் வயித்துல, ராத்திரி படுக்கும்போது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஏணியை எடுக்கக் கீழே போனேன். இம்ரான் பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். "கியா வேலு பாய், ஏசி சோட்கே ஜிப்சம் கா காம் கர் ரஹே ஹோ?" ஏசியை விட்டுவிட்டு ஜிப்சம் வேலைக்குப் போய்விட்டாயா என்று கேட்கிறார். என்னடா, சாமி பிரசாதத்தைப் பார்த்து இப்படிக் கேட்கிறானே என்று சுருக்கென்று கோபம் வந்தது. பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். காலையில் நான் பூசியிருந்த விபூதி வியர்வையில் மங்கியிருந்தது. அதன்மேல் இந்தப் பொடி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. பக்கத்தில் லிஃப்டிலிருந்து இறங்கி ஒரு ஜிப்சம் பையன் மூட்டையோடு போனான். அவன் புருவமும் என் நெற்றியும் ஒரே நிறம்.

நாக்கில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சாம்பல் ருசி இல்லை. ஒரு ருசியும் இல்லை.

முருகா என்று சொல்லிக்கொண்டு மேலே போனேன். அந்த வீட்டில் காற்றை உள்ளே இழுக்கும் கிரில் வாசல் கதவுக்கு நேர் மேலே, சீலிங்கில் இருந்தது. ஏணியில் ஏறிக் கழட்டினேன். ஃபில்டர் இருக்க வேண்டிய சட்டத்தில் ஃபில்டர் இல்லை. வெறும் சட்டம். அதற்குப் பின்னால் மெஷினின் குளிர்க்குழாய்ச் சுருள், நாங்கள் காயில் என்போம், முழுக்க வெள்ளை அடை. கூலிங் எப்படி வரும்? எதிர் வீட்டுத் தூள் கதவிடுக்கு வழியாக வர, அதை இந்த மெஷின் அப்படியே இழுத்து, அடைத்தது போக மிச்சத்தை ஹாலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஹாலில் காற்று வெளிவரும் கிரில் முருகன் படத்துக்கு நேர் மேலே. கீழே நெய் விளக்கு எரிந்து எரிந்து கண்ணாடியில் பிசுக்கு. ஒட்டாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூட்டம் சேரும். பாட்டுச் சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஜன்னலை எல்லாம் மூடி ஏசியை முழு வேகத்தில் வைப்பார்கள். வருகிறவர்களுக்காக வாசல் கதவு திறந்து திறந்து மூடும். அன்றைக்கு அதிகமாகக் கொட்டாமல் இருக்குமா?

படிக்கட்டுக்குப் போய் சுரேந்தர் சாருக்கு போன் போட்டேன். "சார், இந்த வீட்டுல ஃபில்டரே இல்ல."

"அதுல பச்சை டிக் இருக்கே."

"டிக் இருக்கு சார். ஃபில்டர்தான் இல்ல. படம் எடுத்துட்டுக் கழட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பழசையும் தூக்கிப் போட்டுட்டாங்க போல."

"எந்த வீடு?... அந்த விபூதி வீடா?" குரல் மாறிவிட்டது. "டேய், அங்க கையைக் கிய்யை வெச்சுடாத. சாமி இருக்கிற வீடு. நானே அங்க பஜனைக்குப் போயிருக்கேன். ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்து வேன்ல வெச்சிருக்கேன்."

"சார், அது எதிர் வீட்டு ஜிப்சம் தூள்."

"உனக்குத் தெரியுமா? நீ என்ன பெரிய சித்தரா? கேஸ் கம்மின்னு எழுதிட்டு, கேஸ் அடிச்சுட்டு வா. கலாஸ், அவ்வளவுதான்."

எனக்கு ஒரு கணம் சிரிப்பாக வந்தது. இவர் மாட்டாமல் விட்ட ஃபில்டரால் கொட்டிய தூளை இவரே பயபக்தியோடு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தினம் அந்த நெற்றியில் பளிச்சென்று இருப்பது எது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த கணம் உள்ளே பத்மா டீச்சர் இருமுவது கேட்டது. சிரிப்பு போய்விட்டது.

எப்படிச் சொல்வது? நானும் நம்பி விழுந்தவன். அவர் உயிரையே அதன்மேல் வைத்திருக்கிறார். உள்ளே போய், ஏணிக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னேன்.

"அம்மா, ஏசியில ஃபில்டர் இல்ல. எங்க ஆளுங்க மாட்டாமப் போயிருக்காங்க. நான் இப்ப மாட்டப்போறேன். மாட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். படத்தை ஒரு தடவை துடைச்சுட முடியுமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். டீச்சர் இல்லையா, பாதி சொல்லும்போதே மீதி புரிந்துவிட்டது. "நீங்க என்ன சொல்ல வர்றீங்க? இது தூசிங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவர் குடுக்கறதா இருந்தா நான் மாட்டற ஃபில்டர் அவரைத் தடுத்துடுமா?"

"சாமிக்கே டெஸ்ட் வெக்கறீங்களாண்ணா?"

"சாமிக்கு இல்லம்மா. எங்க கம்பெனிக்கு."

உள்ளறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கண்ணன் சார் இதைக் கேட்டு வெளியே வந்தார். "என்னங்க, வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வர்றாங்க. அபுதாபியிலேர்ந்தெல்லாம் வர்றாங்க. ஏசியை மட்டும் பாருங்க, இதையெல்லாம் கிளறாதீங்க" என்றார். கெட்டவர் இல்லை. விபூதி கொட்டியபிறகுதான் அந்த வீட்டு வாசலில் செருப்பு நிறைந்தது. அதற்குமுன் தீபாவளிக்குக்கூட யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்று பத்மா டீச்சர் பிறகு சொன்னார்.

பத்மா டீச்சர் கணவரைத் தாண்டி உள்ளே போனார். ஒரு உலர்ந்த துணியை எடுத்து வந்து படத்தைத் துடைத்தார். துடைத்ததை ஒரு வெள்ளிச் சம்புடத்தில் சேர்த்து மூடி வைத்தார்.

நான் ஜன்னலுக்குப் போய், போட்டோ ஃபில்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கீழே கத்தினேன். "இம்ரான் பாய்! வோ ஃபோட்டோவாலா ஃபில்டர் லேகே ஆவோ!"

"போட்டோ கா? பாகல் ஹோ கயா? சூப்பர்வைசர் மார் டாலேகா!" பைத்தியமா உனக்கு, சூப்பர்வைசர் கொன்றே போடுவார் என்கிறார்.

"லேகே ஆவோ பாய்!"

கொண்டுவந்தார், திட்டிக்கொண்டேதான். காயிலை பிரஷ் போட்டுத் தேய்த்து, வாக்குவம் வைத்து உறிஞ்சி, கழுவி, ஹாலின் கிரில்லையும் துடைத்தேன். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கை ரப்பர் பட்டை ஒட்டி அடைத்தேன். பிறகு அந்தப் பட்டுப்புடவை ஃபில்டரைக் கவரிலிருந்து எடுத்து, காற்று போகும் திசைக்கு அம்புக்குறி பார்த்துச் செருகி, ஓரம் எல்லாம் விரலை ஓட்டினேன். விரல் நுழைய இடமில்லை. எத்தனையோ வீட்டில் படத்துக்கு நின்ற அது, ஜென்மத்தில் முதல் தடவையாக வேலைக்கு வந்தது.

சுரேந்தர் சார் அன்று சாயங்காலம் கண்ணாடியை முழுசாகவே இறக்கிக் கத்தினார். "அது போட்டோ ஃபில்டர்யா! நாளைக்கு மத்த வீட்டுக்கெல்லாம் என்னத்தை மாட்டுவே?"

"ஃபில்டரை மாட்டலாம் சார்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்மா டீச்சர் போன் செய்தார். "அண்ணா, வேலைக்காக இல்ல. பூஜைக்கு வாங்க. நீங்க வந்து உக்காரணும்."

குளித்து, வேட்டி கட்டிப் போனேன். ஹால் நிறைந்திருந்தது. எதிர் வீட்டில் அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், வராண்டா முழுக்க வெள்ளை. படத்தின் கண்ணாடியில் மட்டும் ஒன்றும் இல்லை. முருகன் முகம் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அதுவே போதுமாயிருந்தது, கும்பிட்டேன். மற்றவர்கள் முகத்தில்தான் ஈயாடவில்லை. ஒருவர் படத்தின் பின்புறம்கூட எட்டிப் பார்த்தார்.

தணிகாசலம் ஐயா முன் வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர். இளைப்பு எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் தெரியாத, நல்ல கனத்த மார்பு. பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அன்பர்களே, இந்த வாரம் கருணை நின்றுவிட்டது. காரணம் என்ன? சந்தேகம். தெய்வ சந்நிதானத்தில் ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள். செருப்புக் காலோடு யார் யாரோ வந்திருக்கிறார்கள்."

"செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான்யா வந்தேன்" என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்கதான் அந்த ஏசிக்காரரா? உமக்குச் சாமி நம்பிக்கை உண்டா?"

"உண்டுங்க. அவரு படத்துல தூசி படியக் கூடாதுங்கற அளவுக்கு உண்டு."

அவர் என்னை விட்டுவிட்டு பத்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "அம்மா, மனம் தளராதே. விரதம் இன்னும் முடியவில்லை. சம்புடத்தில் இருப்பதைச் சாப்பிடு. மறுபடி கொட்டும். மருந்தைத் தொட்டால் எல்லாம் போச்சு."

டீச்சர் பாடியதிலேயே களைத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. விசில் சத்தம் ஹாலின் கடைசி வரிசைவரை கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை, எல்லோரும் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணன் சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் டீச்சரே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு மாசமா இந்த டிவி மேலயும்தான் கொட்டுச்சு" என்றார். மூச்சு வாங்கி மறுபடி சொன்னார். "சோபா மேல கொட்டுச்சு. தினம் நான்தான் துடைச்சேன், என்ன தூசி இப்படி வருதுன்னு திட்டிக்கிட்டே துடைச்சேன். சாமி படத்தை மட்டும் துடைக்கல. அங்க விழுந்தது விபூதி, இங்க விழுந்தது தூசி. நானே பிரிச்சுக்கிட்டேன். யாரும் என்னை ஏமாத்தல."

அவர் படத்துக்கு முன்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் முருகன் காலைத் தொட்டு, வேலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நீல இன்ஹேலரை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுவும் அவர் காலடியிலேர்ந்துதான் எடுக்கறேன். இதுவும் பிரசாதம்தான்."

எல்லோர் முன்னாலும் வாயில் வைத்து இழுத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். என் வாழ்நாளில் எத்தனையோ ஆரத்தி பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

தணிகாசலம் ஐயா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் முக்கால்வாசிப் பேர் கிளம்பினார்கள். பொங்கல் அண்டா அப்படியே இருந்தது. போகிற வழியில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "வேலைக்காரன் கை பட்டா சாமி நிக்குமாடி?" என்றது என் காதில் விழுந்தது. அந்த அம்மா வீட்டு ஏசியை யார் துடைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.

மிஞ்சியவர்கள் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். கண்ணன் சார்தான் பரிமாறினார். என் இலையில் இரண்டாம் தடவை வைக்கும்போது, "அண்ணா, அடுத்த வாரமும் வந்துடுங்க. ஆள் கம்மியாத்தான் இருக்கும்" என்றார்.

கிளம்பும்போது பத்மா டீச்சர் அந்த வெள்ளிச் சம்புடத்தைக் கொண்டுவந்தார். "இதை என்னண்ணா பண்றது? தின்னவும் முடியாது, குப்பையில போடவும் மனசு வரல. ஒரு மாசம் கும்பிட்டிருக்கேன்."

"என்கிட்ட குடுங்கம்மா. சேர வேண்டிய இடத்துல சேர்த்துடறேன்."

மறுநாள் காலை வேனின் கண்ணாடியைத் தட்டினேன். நாலு விரல் இறங்கியது. ஒரு காகிதத்தில் அந்தத் தூளைக் கொட்டி உள்ளே நீட்டினேன். சுரேந்தர் சார் முகம் மலர்ந்தது. கண்ணை மூடி, ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டார்.

"அந்த வீட்டு விபூதியா? நின்னுபோச்சுன்னாங்களே?"

"நின்னுபோச்சு சார். இது கடைசி. உங்களுக்குத்தான் முழு உரிமை. நீங்க இல்லன்னா கொட்டியே இருக்காது."

புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் கண்ணாடி ஏறிவிட்டது. அந்த வாரமே என்னை மறுபடி புஜைராவுக்கு மாற்றினார்கள், துறைமுகத்துப் பக்கம், உப்புக் காற்றில், வேலை முடியும்வரை. அங்கே செயலி இன்னும் வந்திருக்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும்வரை கையால்தான் ஃபில்டர் கழுவினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். பிரதோஷக் குழுவில் வந்தது இது: வளைகுடாவில் ஒரு வீட்டில் முருகன் படத்தில் விபூதி கொட்டியதாம். அதை ஜிப்சம் தூள் என்று ஏளனம் செய்து கை வைத்த ஒரு ஏசி மெக்கானிக்குக்கு மறுநாளே இரண்டு கண்ணும் போய்விட்டதாம். அவனுடைய மேலதிகாரி மட்டும் பக்தியோடு அந்த விபூதியைப் பூசியதால் பெரிய பதவிக்கு உயர்ந்தாராம். நம்பி இதைப் பதினொரு பேருக்கு அனுப்புங்கள், அலட்சியம் செய்யாதீர்கள். பத்மா டீச்சரும் அவருடைய மூச்சும் அதில் எங்குமே இல்லை. எங்கள் குழுவில் கீழே முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். அதில் என் மச்சானும் ஒருவர். அவருக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியும். என் கண் போகவில்லை என்பதும் தெரியும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எழுதுங்க" என்றாள்.

சாமியைக் காப்பாற்றப் பொய் வேண்டும் என்று நினைக்கிறவனைவிடச் சாமி நம்பிக்கை இல்லாதவன் யார் இருக்கிறான்? நான் இன்றைக்கும் காலையில் விபூதி பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. போன தைப்பூசத்துக்கு பத்மா டீச்சர் போனில் ஒரு பாட்டுப் பாடி அனுப்பியிருந்தார். நடுவில் எங்கும் மூச்சுக்கு நிற்காமல் முழுப் பாட்டு. பூஜை அறையில் வைத்து, முருகனும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டுக் கேட்டேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். பதினொரு பேர் வேண்டாம், அனுப்பாவிட்டால் ஒரு கெடுதலும் வராது. ஆனால் அனுப்பினால் இருக்கிறபடியே அனுப்புங்கள். இன்ஹேலரை எடுத்துவிடாதீர்கள், ஜிப்சத்தை விபூதி ஆக்கிவிடாதீர்கள். என் கண் இரண்டையும் எனக்கே விட்டுவிடுங்கள்.